நிலவிலிருந்து இரு ஒளிபரப்புகள்: அப்போலோ 11, அப்போலோ 12

1969 ஜூலையில் அப்போலோ 11 கொண்டுசென்ற வெஸ்டிங்ஹவுஸ் கறுப்பு வெள்ளைக் கேமரா, குறுகிய அலைவரிசைக்குள் அடங்கவேண்டி, நொடிக்கு 10 படங்களையும் படத்துக்கு 320 வரிகளையும் மட்டுமே அனுப்பியது. வீட்டுத் தொலைக்காட்சிகள் ஏற்காத அந்தச் சமிக்ஞையைத் தரை நிலையத்தில் ஒரு திரையில் காட்டி, அத்திரையை வேறொரு கேமராவால் படம்பிடித்தே ஒளிபரப்பினார்கள். உலகம் கண்ட மங்கலுக்குப் பெரும் காரணம் இந்த மாற்றமே. ஆஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் கிரீக் தரை நிலையத்தில் நேரடியாக வந்திறங்கிய படம் அதைவிடத் தெளிவானது என்பதை நினைக்கையில் இன்றும் மனம் வருந்துகிறது.

அதே ஆண்டு நவம்பரில் அப்போலோ 12 எடுத்துச் சென்றது வண்ணக் கேமரா. ஒளியை மின் சமிக்ஞையாக்கும் ஒரே படக்குழாயின் முன் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் பதித்த சக்கரம் சுழல, அடுத்தடுத்து வந்த நிறப் படங்களைப் பூமியில் ஒன்றிணைத்தார்கள். ஆனால் விண்வெளி வீரர் ஆலன் பீன் அந்தக் கேமராவை இடம் மாற்றியபோது அது சூரியனை நோக்கித் திரும்பிவிட, குழாய் பழுதடைந்து நிலவுநடை ஒளிபரப்பு தொடக்கத்திலேயே நின்றுபோனது.

தொழில்நுட்பத்தில் வண்ணக் கேமராவே மேலானது, பிந்தைய பயணங்களும் அவ்வழியிலேயே சென்றன; எனினும் முதல் காலடியை முழுமையாகக் காட்டித்தந்த எளிய கேமராவையே நான் உயர்வாக மதிக்கிறேன்.