எஸ்டேட்டா, பனியன் கம்பெனியா?

மூணாறு பக்கம் பிளஸ் டூ முடிச்ச பசங்க நிறைய பேர் கேக்குறாங்க, அம்மா மாதிரி எஸ்டேட்ல தேயிலைக் கொழுந்து எடுக்க போறதா இல்ல திருப்பூர் போறதான்னு. கைல வர்ற காச மட்டும் பாத்தா திருப்பூர்தான், பீஸ் ரேட்ல, அதாவது தைக்கிற பீஸுக்கு இவ்வளவுன்னு, நல்ல டெய்லர் நல்லாவே சம்பாதிக்கலாம், ஆனா ஆர்டர் இல்லாத மாசம் காசும் இல்ல, காண்ட்ராக்ட்ல இருந்தா பிஎஃப், ஈஎஸ்ஐ பிடிக்கிறாங்களான்னு நாமளேதான் விசாரிக்கணும்.

எஸ்டேட்ல சம்பளம் கம்மி, ஆனா 1951ல தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்ததுல இருந்து வீடு, வைத்தியம் எல்லாம் கம்பெனி பொறுப்பு. அந்த வீடுதான் கம்பெனி நம்ம மேல வச்சிருக்குற பிடியும் கூட. லயம், அதாவது எஸ்டேட்ல வரிசையா இருக்குற லைன் வீடு, நம்மளுது இல்ல, ரிட்டயர் ஆனா காலி பண்ணணும், அதனாலயே பல பேர் வாய தொறக்க பயப்படுறாங்க. 2020 ஆகஸ்ட்ல மூணாறு பக்கத்துல பெட்டிமுடி எஸ்டேட் மண்சரிவுல 70 பேர் போனதும் லயத்துலதான், இன்னமும் நெஞ்சு ஆறல.

ஆனா 2015ல போனஸ 20 சதவீதத்துல இருந்து 10ஆ குறைச்சப்ப, நம்ம தமிழ் பொம்பளைங்க யூனியன் தலைவருங்க யாரையும் பக்கத்துல சேக்காம ரோட்ல உக்காந்து, போனஸும், அதுக்கு மேல கம்பெனி தர்ற எக்ஸ்கிரேஷியா தொகையும் சேத்து 20 சதவீதம் வாங்குனாங்க, அவங்க அமைப்புக்கு பெம்பிளை ஒருமைன்னு பேரு, பொம்பளைங்க ஒற்றுமைன்னு அர்த்தம், அதே வருஷம் உள்ளாட்சி தேர்தல்லயும் நின்னு சில சீட்டு ஜெயிச்சாங்க. பக்கத்து பக்கத்து வீடு, ஓட்டும் அங்கயே, அதனாலதான் முடிஞ்சுது. திருப்பூர்ல வாடகை ரூம்ல இருக்குறவனுக்கு ஓட்டு ஊர்ல, தண்ணி வரலன்னா எந்த கவுன்சிலர் கேப்பாரு?

என்ன கேட்டா திருப்பூருக்கே போங்க, லயத்த நம்பி தலைமுறை தலைமுறையா இருந்தது போதும், ஆனா போனதும் ஓட்ட அங்க மாத்துங்க, யூனியன்ல சேருங்க, பிஎஃப் நம்பர முதல் மாசமே கேட்டு வாங்குங்க.