ஊருக்கு வந்து வீடியோ ஈஈஜி எடுப்பவர்கள், அந்தக் கடைசி வரியையும் பாருங்கள்

வலிப்பு உள்ளவரை நாள்கணக்கில் வீடியோ எடுத்தபடியே மூளையின் மின் அலைகளைப் பதிவதுதான் வீடியோ ஈஈஜி. வெளிநாட்டில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய அது, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒரே வாரத்தில் கிடைத்தது. தலையில் எலெக்ட்ரோடு ஒட்டிய டெக்னீஷியனின் கை சுத்தமான கை. குறை என்னவென்றால், மூளைக்குக் கிடைத்த கவனம் இதயத்துக்குக் கிடைக்கவில்லை. ஈஈஜி திரையின் அடியில் ஓடும் ஒற்றை ஈசிஜி வரியின் ஒட்டு, இரண்டாம் நாள் வியர்வையில் கழன்றுபோனது. காலை ரவுண்ட்ஸ் வரை யாரும் பார்க்கவில்லை.

அந்த வரி ஏன் முக்கியம்? வலிப்பு வரும்போது பெரும்பாலோருக்கு இதயம் வேகமாகத் துடிக்கும். வலிப்பு அடங்கியதும் தானே இறங்கிவிடும். மிகச் சிலருக்கு, கண்காணிப்பில் சேர்பவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, நேர்மாறாக நடக்கும். மூளையின் பொட்டு மடலில் (நெற்றிப் பொட்டுக்கு உட்புறப் பகுதி) கிளம்பும் வலிப்பு, இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பைத் தூண்டி, துடிப்பைக் குறைத்து, சில நொடிகள் நிறுத்தியே விடும். வீட்டார் சொல்லும் விவரத்திலேயே தடயம் இருக்கும்: முதலில் வெறித்த பார்வை, வாயைச் சப்புவது, அரை நிமிடம் கழித்துத் திடீரென்று துவண்டு விழுவது. எடுத்த எடுப்பிலேயே விழுவது வேறு, இப்படி நடுவில் விழுவது வேறு. மருத்துவரிடம் இதைப் பிரித்துச் சொல்லுங்கள்.

திரையில் ஈசிஜி துடிப்பு காணாமல் போனால் உடனே பயப்பட வேண்டாம். ஒட்டு கழன்றிருந்தால் பெரும்பாலும் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அடர்த்தியாகத் தெரியும், ஈஈஜி மாறாது. இதயம் உண்மையிலேயே நின்றால், பத்து நொடி வாக்கில் ஈஈஜி அலைகள் மந்தமாகி, பிறகு தட்டையாகும். வலிப்பு வந்ததும் கூட இருப்பவர் அதைக் குறிக்கும் பட்டனை அமுக்கிவிட்டு, போர்வையை விலக்கி, கேமராவை மறைக்காமல் நின்று, நாடியைப் பிடித்துப் பார்க்கலாம். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதால் ஒரு பயனும் இல்லை.

சிகிச்சையில் முதல் வேலை வலிப்பைக் கட்டுப்படுத்துவதுதான். மருந்துக்கு அடங்காவிட்டால் அறுவை சிகிச்சைக்குத் தகுதியா என்று பார்க்க வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா, பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகிய இடங்களில் அதற்கென்றே குழு இருக்கிறது. இரண்டு வார லீவில் முடிகிற காரியம் இல்லை. இதயம் நின்று விழுவது தொடர்ந்தால் பேஸ்மேக்கர் வைப்பார்கள். அது விழுவதைத் தடுக்கும், வலிப்பை நிறுத்தாது. வைப்பதானால் எம்ஆர்ஐக்கு ஏற்ற வகையைக் கேளுங்கள். இவர்களுக்கு எம்ஆர்ஐ மறுபடி தேவைப்படலாம்.

வலிப்பு மருந்தாலும் தொல்லை உண்டு. கார்பமாஸெபைன், லாக்கோசமைட் இரண்டும் இதயத்தின் மின்கடத்தலைத் தாமதப்படுத்தக் கூடியவை. வயதானவர்களுக்கு இவற்றைத் தொடங்குமுன் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். சின்ன நர்ஸிங் ஹோமில் வலிப்பை அடக்க ஃபெனிடாயின் ஊசி போட்டால் கவனம்: குளுக்கோஸில் கலந்தால் படிகமாகிவிடும், நார்மல் சலைனில்தான் கலக்க வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, அதாவது ஒரு கிராமுக்குக் குறைந்தது 20 நிமிடம். அவசரப்பட்டு ஏற்றினால் பிரஷர் விழும், துடிப்பு குழம்பும். மானிட்டர் இல்லாமல் போடவிடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. வலிப்பு வந்த துண்டுகளை ஈசிஜி வரியோடு ஈடிஎஃப் (ஈஈஜி பதிவுகளுக்கான பொதுவான கோப்பு வடிவம்) கோப்பாகப் பென்டிரைவில் கேளுங்கள், வீடியோவையும் சேர்த்து. முழுப் பதிவையும் அவர்கள் பெரும்பாலும் வைத்திருக்க மாட்டார்கள். தேவையான துண்டுகளை வெட்டி எடுத்துவிட்டு மீதியை அழித்துவிடுவார்கள். தலையிலிருந்து பேஸ்ட்டைக் கழுவுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.