அமிர்திக் காட்டு விடியலுக்கு 8×42 பைனாகுலர்

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தியில் விடிந்த பிறகும் மரத்தடியில் இருட்டுதான். 8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை கொண்ட 8×42 வாங்கிய காசுக்கு அங்கே பலன் தெரியும். 42-ஐ 8-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ. சட்டைப்பையில் அடங்கும் 10×25-இல் வெறும் 2.5, குக்குறுவான் குரல் கேட்கும், இலையும் பறவையும் ஒரே கறுப்பாக இருக்கும். 10 மடங்கில் கைநடுக்கமும் கூடும், பார்வைப் பரப்பும் சுருங்கும். கிளைக்குக் கிளை பாயும் அரசவால் ஈப்பிடிப்பானைத் தொடர்வது பெரும்பாடு.

இதன் குறை, எடைதான். முக்கால் கிலோ வரை வரும், கூடவே தரும் மெல்லிய பட்டை கழுத்தை அறுக்கும். தோள்வார் தனியாக வாங்குங்கள்.

முதலில் நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்கும், பிறகு வலப்பக்க வளையத்தால் வலக்கண்ணுக்கும் தெளிவு பாருங்கள். இதைச் செய்யாமலே 'மங்கல்' என்று குறை சொல்பவர்கள் உண்டு! மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்மூடியை (கண் வைக்கும் இடத்து விளிம்பு வளையம்) தாழ்த்திவிட்டுப் பார்க்கவும்.