அக்வேசாஸ்னே மோஹாக் கூடை: விலைக்குத் தகுந்த பொருள்தானா?

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு ஆஷ் மரத்தின் பிளாச்சும் ஸ்வீட்கிராஸ் என்ற வாசனைப் புல்லும் சேர்த்துக் கையால் முடைந்த சின்ன மூடிக்கூடை. வாய் அகலம் ஒரு சாண்கூட இருக்காது. முடைந்தவர் அமெரிக்க-கனடா எல்லையில் இருக்கும் அக்வேசாஸ்னே என்ற ஊரில் வசிக்கும் ஒரு மோஹாக் பழங்குடிப் பெண்மணி. விலை 140 கனடா டாலர், நம் காசுக்கு நானூறு ரிங்கிட்டுக்கு மேல். அனுப்பும் செலவு தனி. ஒட்டாவாவில் படிக்கும் என் நாத்தனார் மகள், அந்த அம்மாவின் வீட்டுக்கே போய் வாங்கி அனுப்பினாள்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் எங்கள் குடும்பத்துக்குக் கடை இருக்கிறது. பூக்கூடை, பிரம்புத் தட்டு, முறம், பனையோலைப் பெட்டி, சீர்வரிசைத் தாம்பாளம் எல்லாம் விற்கிறோம். நாளெல்லாம் கூடையோடு புழங்குகிறவள் என்பதால் இதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. சலூனில் "மோஹாக்" வெட்டச் சொல்லிக் கேட்கிற பிள்ளைகள் எங்கள் கடைக்கும் வருகிறார்கள். அந்தப் பெயரில் ஒரு இனம் இன்றும் தன் மண்ணில், தன் மொழியோடு வாழ்கிறது என்று எடுத்துக் காட்ட என் கையில் இப்போது ஒரு பொருள் இருக்கிறது.

வீட்டில் இதை முதலில் கையில் வாங்கியது என் மாமியார். சுங்கை பட்டாணி பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், கீற்று முடைந்து பழகிய கை. எந்தக் கூடையானாலும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார். இதன் அடியில் பிளாச்சுகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே கிடந்து, நாலா பக்கமும் விரிந்து, அப்படியே மடங்கி மேலே ஏறுகின்றன. இரண்டு பிளாச்சுக்கு நடுவே நகத்தை விட்டுப் பார்த்தார், நுழையவில்லை. அப்புறம் வாய்க்கட்டைச் சுற்றி விரலை ஓட்டினார். விளிம்பில் புல்லைச் சடையாகப் பின்னி, மயிரிழை போன்ற பிளாச்சால் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். "முனைய எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்காங்க?" என்று கேட்டார். நானும் தேடினேன். கடைசியில் மூடியின் உள்பக்கம், மூன்று பிளாச்சுக்கு அடியில் செருகியிருந்ததைக் கண்டுபிடித்தோம். மூடியின் மேல் வரிசை வரிசையாகக் கூர்முனைகள் நிற்கின்றன. ஒவ்வொரு பிளாச்சையும் முறுக்கி மடித்து எடுத்த வேலை அது. கை வைத்தால் குத்தவில்லை, ஆனால் விறைப்பாக நிற்கிறது.

இந்தப் பிளாச்சு வரும் விதத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மூங்கிலைப் போல இதைப் பிளப்பதில்லை, ரம்பத்தால் அறுப்பதும் இல்லை. சதுப்பு நிலத்தில் வளரும் கறுப்பு ஆஷ் மரத்தை வெட்டி, பட்டையை உரித்துவிட்டு, கோடாரியின் பின்பக்கத்தாலோ சம்மட்டியாலோ அந்தக் கட்டையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அடித்துக்கொண்டே போகிறார்கள். வருட வளையங்களுக்கு நடுவே இருக்கும் மெத்தென்ற பகுதி நசுங்கி, ஒரு வருட வளர்ச்சி ஒரு நீண்ட நாடாவாகக் கழன்று வருகிறது. மரம் நன்றாக வளர்ந்த வருடத்தின் அடுக்கு தடிப்பாகவும், வாடிய வருடத்தின் அடுக்கு மெல்லியதாகவும் இருக்கும். அதை இன்னும் இரண்டாகப் பிரித்தால் உள்முகம் பட்டுத்துணியின் பளபளப்போடு வருகிறது. இந்தக் கூடையின் மினுமினுப்புக்கு வார்னிஷ் எதுவும் காரணம் இல்லை. பிளாச்சை இப்படி அடித்து எடுக்க நாள்கணக்கில் உடம்பு உழைப்பு தேவைப்படுகிறது. அதற்குப் பிறகுதான் முடைதலே தொடங்கும்.

அந்த மரம் இப்போது செத்துக்கொண்டிருக்கிறது. சென்னையிலிருந்து எங்களுக்குச் சரக்கு வரும்போது, மரப் பேலட்டில், மரத்தைச் சூடேற்றியதைக் காட்டும் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்போம். மரத்தோடு பூச்சி நாடு தாண்டக்கூடாது என்பதற்காகத்தான் அந்த முத்திரை. அப்படித் தாண்டிவிட்ட ஒரு பச்சை வண்டுதான் எமரால்டு ஆஷ் போரர். கிழக்காசியாவைச் சேர்ந்தது. 2002இல் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் வட்டாரத்தில் கண்டுபிடித்தார்கள். சரக்கு கட்டி வந்த மரத்தில் ஒளிந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இதன் புழு பட்டைக்கு அடியில் அரித்துக்கொண்டே போகும், சில வருடங்களில் மரம் பட்டுவிடும். கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் இப்படிப் போய்விட்டன. அக்வேசாஸ்னேக்காரர்கள் விதைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள். வாங்கி விற்கும் குடும்பத்தில் இருப்பவள் நான். இந்தச் செய்தியைச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை. யாரோ ஒரு வியாபாரியின் சரக்கோடு போன வண்டு, இன்னொரு ஊர்ப் பெண்களின் கைத்தொழிலுக்கே உலை வைத்திருக்கிறது.

புல்லின் வாசனைக்கு வருகிறேன். மூடியைத் திறந்ததும் காய்ந்த வைக்கோலும் வெனிலாவும் கலந்த மணம் மெல்ல வருகிறது. சாம்பிராணி, பன்னீர், கற்பூரம் என்று மணக்கிற எங்கள் கடையிலும் அது தனியாகத் தெரிகிறது. ஈர நிலத்தில் வளரும் இந்தப் புல்லைக் கையால் பறித்து, சுத்தம் செய்து, உலர்த்திச் சடை போடுகிறார்கள்.

ஆனால் அந்த ஈர நிலம் பட்ட பாடு கொஞ்சமில்லை. அக்வேசாஸ்னே செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரை ஊர். பக்கத்திலுள்ள மசீனாவில் ஜெனரல் மோட்டார்ஸ் வார்ப்பாலையும், ரெனால்ட்ஸ், அல்கோவா அலுமினிய ஆலைகளும் வந்தன. பிசிபி என்ற நச்சு ஆற்றில் கலந்தது, மீனில் ஏறியது. தாய்ப்பாலில் ஏறியிருக்கிறதா என்று 1980களில் கேள்வி எழுப்பிச் சோதிக்க வைத்தவர் கட்ஸி குக் என்ற மோஹாக் மருத்துவச்சி. அவருடைய துணிச்சலை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. 2013இல் அல்கோவா, ரெனால்ட்ஸ் நிறுவனங்களோடு ஏற்பட்ட இழப்பீட்டு உடன்பாட்டில் ஒரு பங்கு பண்பாட்டு மீட்புக்கு என்றே ஒதுக்கப்பட்டது. மீன்பிடித்தல், வேட்டை, பயிர், கூடை முடைதல் எல்லாவற்றையும் பெரியவர்களிடம் இளையவர்கள் கூடவே இருந்து கற்றுக்கொள்ள அந்தப் பணம் உதவியது. எனக்குக் கூடை விற்ற அம்மாவின் மகளும் இப்போது தாயோடு உட்கார்ந்து முடைகிறாளாம்.

மோஹாக் மக்கள் ஹோடினோஷோனி என்ற ஐந்து இனக் கூட்டமைப்பின் கிழக்கு வாசல் காவலர்கள். 1722இல் டஸ்கரோரா மக்களும் சேர்ந்து ஆறானது. கரடி, ஓநாய், ஆமை என்று மூன்று குலங்கள். பிள்ளை தாயின் குலத்தைச் சேரும். தலைவனை நியமிப்பது குலத்தாய், அவன் தவறினால் இறக்குவதும் அவர்தான். இன்றைய நியூயார்க் மாநிலத்தின் மோஹாக் பள்ளத்தாக்கு அவர்களுடைய பூர்வீகம். அமெரிக்கப் புரட்சிப் போரில் பலர் ஆங்கிலேயர் பக்கம் நின்றார்கள். போர் முடிந்தபோது அந்த மண் கைவிட்டுப் போயிருந்தது. 1784இல் இன்றைய கனடாவின் கிராண்ட் ஆற்றங்கரையில் வேறு நிலம் கிடைத்தது, மோஹாக் தலைவர் ஜோசப் பிராண்ட் ஒரு கூட்டத்தை அங்கே அழைத்துப் போனார். செயின்ட் லாரன்ஸ் கரையிலிருந்த ஊர்கள் அதற்கு முன்பே உருவானவை.

அக்வேசாஸ்னேயில் நாட்டு எல்லை ஊருக்கு நடுவிலேயே ஓடுகிறது. ஒரு பாதி அமெரிக்கா, ஒரு பாதி கனடா. கனடாப் பாதியிலும் கொஞ்சம் ஒன்டாரியோ, கொஞ்சம் கியூபெக். பழங்குடிகள் தங்கள் உடைமையோடு தடையின்றிக் கடக்கலாம் என்று 1794ஆம் ஆண்டின் ஜே ஒப்பந்தம் சொல்லியிருந்தும், வீட்டுக்கு வாங்கிப் போகும் சாமானுக்குச் சுங்கம் கேட்டார்கள். 1968 டிசம்பர் குளிரில் ஊர்மக்கள் கார்ன்வால் பாலத்துச் சாலையை மறித்தார்கள், பலர் கைதானார்கள். அண்ணன் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போக வரி கட்டச் சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

1990இல் கியூபெக்கின் கனேசதாகே என்ற மோஹாக் ஊரில் நடந்தது நம்மில் சிலருக்கு நினைவிருக்கும். ஓகா நகரம் தன் கோல்ஃப் மைதானத்தைப் பெரிதாக்க மோஹாக்குகளின் பைன் தோப்பைக் கேட்டது. தோப்பை ஒட்டி அவர்களுடைய இடுகாடு. 78 நாட்கள் வழிமறித்து நின்றார்கள். ஜூலை 11 அன்று போலீஸ் உள்ளே நுழைந்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது, ஒரு போலீஸ்காரர் உயிரிழந்தார். பிறகு ராணுவமே வந்தது. மைதானத்தை விரிவாக்கும் திட்டம் கைவிடப்பட்டது, ஆனால் நிலச் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. இதைப் படிக்கும்போது எனக்கு 2009இல் இடிக்கப்பட்ட நம் கம்போங் புவா பாலாதான் கண்முன் வந்தது. மாடும் கொட்டகையும் கோயிலுமாகத் தமிழர் தலைமுறைகளாக வாழ்ந்த இடம் அது. இரண்டு வரலாறும் ஒன்றல்ல. ஆனால் புல்டோசருக்கு முன்னால் நிற்கும் பாட்டியின் முகம் எந்த ஊரிலும் எனக்கு அடையாளம் தெரியும்.

பக்கத்துக் கடை அக்கா கத்தோலிக்கர், ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குத் தவறாமல் போகிறவர். மோஹாக் என்றதும் "நம்ம புனித கத்தேரி!" என்றார். கத்தேரி தெகாக்விதா 1656இல் பிறந்தவர். அப்பா மோஹாக், அம்மா அல்கோன்குவின். பெரியம்மை பெற்றோரைக் கொண்டுபோய், அவர் முகத்தில் தழும்பை விட்டுச் சென்றது. 1680இல், 24 வயதில் இறந்தார். 2012இல் புனிதர் பட்டம் கிடைத்தது. 1980இல் அவருக்கு அருளாளர் பட்டம் தரப்பட்டபோது, போப் இரண்டாம் ஜான் பாலுக்கென்று ஒரு கூடை போனது. முடைந்தவர் அக்வேசாஸ்னேயின் மேரி ஆடம்ஸ். அவர் 1986இல் முடைந்த கல்யாணக் கேக் வடிவக் கூடை இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் படத்தை அக்காவுக்குக் காட்டினேன். என் கூடையின் மூடியில் உள்ள அதே கூர்முனைகள் அதிலும் அடுக்கடுக்காக இருக்கின்றன.

அக்வேசாஸ்னேயில் 1979இல் பெற்றோர்களே தொடங்கிய பள்ளி ஒன்றும் உண்டு. சுதந்திரப் பள்ளி என்று பெயர். பாடம் பெரும்பாலும் மோஹாக் மொழியில்தான். நீர், மீன், செடி, மரம், காற்று என்று வரிசையாக நன்றி சொல்லும் உரையோடு பிள்ளைகளின் காலை தொடங்குகிறது. பள்ளிச் செலவுக்கு ஆண்டுதோறும் கையால் தைத்த மெத்தைப் போர்வைகளை ஏலம் விடுகிறார்கள். தமிழ்ப்பள்ளிக் கட்டட நிதிக்கு உணவுச்சந்தைக் கூப்பன் விற்று வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும். பினாங்கு ஈரத்தில் மூடி லேசாக உப்பி, மழைக்காலத்தில் இறுகிவிடுகிறது. இழுக்காமல் மெதுவாகத் திருகித்தான் எடுக்க வேண்டும். பராமரிப்புக் குறிப்பு ஒன்றும் கூட வரவில்லை. கொண்டுவந்த கூரியர் பெட்டியின் ஒரு மூலையை நசுக்கியிருந்தது. கூடை வளைந்து கொடுத்ததால் பிழைத்தது, மூடியில் இரண்டு முனைகள் மட்டும் மடங்கின. விரலை நனைத்து நிமிர்த்திவிட்டேன். வாங்குபவர்கள் பெட்டிக்குள் இன்னொரு பெட்டி வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

பிளாஸ்டிக் பையில் போட்டு மூடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். அலமாரியில் காற்றுப் படும் தட்டில், பக்கத்தில் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு வைத்தால் போதும். நேர் வெயில் ஆகாது. மணம் குறைந்தால் புல் இருக்கும் இடத்தில் ஈரத் துணியால் லேசாக ஒற்றி, நிழலில் உலர விடுங்கள். திரும்பவும் மணக்கிறது.

விலை? மெங்குவாங் என்ற தாழை ஓலைக் கூடை பத்துப் பதினைந்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் ஊரில் இது பெரிய தொகைதான். கடைக்கு வந்த ஒருவர் பார்த்துவிட்டு, இதே மாதிரி மெஷினில் செய்தது நாற்பது ரிங்கிட்டுக்கு வரும், இறக்கலாமே என்றார். மாட்டேன் என்று சொன்னேன். மரம் அடித்தவர், புல் பறித்தவர், முடைந்தவர் மூவருக்கும் பங்கு போட்டால் 140 டாலரில் ஆளுக்கு எவ்வளவு வரும் என்று கணக்குத் தெரிந்தவர்கள் பார்க்கட்டும். என் நாத்தனார் மகள் பேரம் பேசவில்லை. அவள் செய்தது சரி.

சாமான் போட்டு வைக்க ஒரு கூடை தேடுகிறீர்கள் என்றால் இது உங்களுக்கு இல்லை. திருமாங்கல்யம், தாத்தாவின் கைக்கடிகாரம் மாதிரி ஒன்றிரண்டு பொருளுக்கு உறுதியான கூடு வேண்டும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். இணையத்தில் பழங்குடிக் கூடை என்ற பெயரில் எதையெதையோ விற்கிறார்கள். முடைந்தவர் பெயர், ஊர், மரம் எது என்ற மூன்றையும் கேளுங்கள், சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். அடுத்ததாகப் பெரிய கூடை ஒன்று கேட்டிருக்கிறேன். சாம்பல் நீரில் வேகவைத்த சோளத்தைத் தோல் நீங்க அலசுவதற்கென்றே முடைவது. ஆள் சரி என்று சொல்லிவிட்டார், மரம் கிடைக்க நாளாகும் என்றும் சொன்னார்.