பேரணாம்பட்டு காட்டோரத்தில் சூரிய மின்வேலி: ஒரு மதிப்புரை

வேலூர் மாவட்டத்தில் காப்புக்காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேரணாம்பட்டு, குடியாத்தம், ஒடுகத்தூர் பக்கங்களில் மல்லாட்டை (நிலக்கடலை) காய் பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அறுவடை முடியும்வரை, காட்டுப்பன்றிக்காக இரவெல்லாம் கண்விழித்துக் காவல் காக்காத குடும்பம் அரிது. எங்கள் நிலத்தில் பொருத்தியிருப்பது சூரியத் தகடு, 12 வோல்ட் பேட்டரி, எனர்ஜைசர் எனப்படும் மின்துடிப்புப் பெட்டி, சுற்றிலும் கல்லுக்கால்களில் இழுத்த ஜிஐ கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக்கம்பி) ஆகியவை சேர்ந்த அமைப்பு. எந்த நிறுவனத்தின் பெட்டி என்று நான் குறிப்பிடவில்லை. சந்தையில் கிடைக்கும் தரமான பெட்டிகளின் வேலைமுறை ஏறத்தாழ ஒன்றுதான். வேலியின் பலன் பெட்டியின் பெயரைவிட அதைப் பொருத்தும் விதத்தையும் பராமரிப்பையுமே சார்ந்திருக்கிறது. பன்றிக்கு இந்த வேலி நன்றாகவே பயன்படுகிறது. யானைக்கும் மயிலுக்கும் இதை நம்ப முடியாது.

வேலிக்குச் செலவழிப்பதைவிடப் பன்றியைச் சுட்டால் என்ன என்று கேட்பவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். பழைய வடஆற்காடு மாவட்டத்தில் உரிமத் துப்பாக்கியோடு காட்டுக்குப் போய்வந்த தலைமுறையின் பேச்சு அது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் சில விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் வேட்டையாடக் கூடாத காலத்தை அறிவிக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குத் தந்திருந்தது. 1972இல் வந்த வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திலும் தொடக்கத்தில் சிறுவேட்டை, பெருவேட்டை, சிறப்பு வேட்டை என்று தனித்தனி உரிமங்கள் இருந்தன. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிமங்களை அடியோடு நீக்கிவிட்டது. ஆகவே வேட்டைப் பருவம் என்ற ஒன்று இன்று நம் மாநிலத்தில் கிடையாது. காசு கட்டி வாங்கக்கூடிய வேட்டை உரிமமும் இல்லை. பயிர்ப் பாதுகாப்புக்கென்று ஆயுதச் சட்டத்தின்கீழ் வாய்வழி மருந்து நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் வைத்திருப்பவரும், அந்த உரிமத்தைக் காட்டிக் காட்டுப்பன்றியைச் சுட முடியாது. துப்பாக்கி வைத்திருக்க அனுமதிப்பது ஒரு சட்டம். விலங்கைக் கொல்லத் தடை விதிப்பது வேறொரு சட்டம். இந்த வேறுபாட்டை அறியாமல் வழக்கில் மாட்டிக்கொள்ளும் விவசாயிகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி, பாதுகாக்கப்படும் விலங்குகளைப் பட்டியலிடும் வனவுயிர்ச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. உயிருக்கோ நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்து என்றால், தலைமை வனவுயிர்க் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ எழுத்துமூலம் ஆணையிட்டுக் கொல்ல அனுமதிக்கலாம் என்று சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவின் அடிப்படையில்தான் 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு தூரத்தைக் கொண்டு மூன்று மண்டலங்களை வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது; பிடிக்கவும் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், கிராம அளவிலான குழுவின் பரிந்துரையின்பேரில், பயிற்சி பெற்ற வனத்துறையினரே சுடலாம். எந்த மண்டலத்திலும் விவசாயி சுட அனுமதியில்லை. பாலாற்றுச் சமவெளியில் உள்ள கிராமத்துக்கு இந்த மூன்றாம் மண்டலம் உதவக்கூடும். ஆனால் மலையும் கரடும் ஊர்களுக்கு நடுவே புகுந்து கிடக்கும் எங்கள் பக்கத்தில், எந்தக் காட்டிலிருந்தும் மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே இந்த ஆணையிடும் அதிகாரத்தைப் பகிர்ந்தளித்ததைச் சுட்டிக்காட்டி, இங்கும் அப்படிச் செய்ய வேண்டும் என்று விவசாயிகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அது நடக்கும்வரை காட்டோரத்து விவசாயிக்குச் சட்டத்துக்கு உட்பட்ட வழிகளில் வேலியே முதன்மையானது.

இனி வேலிக்கு வருகிறேன். எனர்ஜைசர் பெட்டி பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி, கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறுகிய துடிப்பாகக் கம்பியில் விடுகிறது. இரண்டு துடிப்புகளுக்கிடையே குறைந்தது ஒரு விநாடி இடைவெளி இருக்க வேண்டும் என்பதும், ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூலுக்கு மேல் போகக் கூடாது என்பதும் இத்தகைய பெட்டிகளுக்கான பன்னாட்டுத் தரவிதி. இந்த இடைவெளிதான் உயிரைக் காக்கிறது. தொட்டவர் கையை உதறி விலக நேரம் கிடைக்கிறது. பன்றியும் அலறிக்கொண்டு பின்வாங்குகிறது. பெட்டியின் அருகில் நின்றால் ‘டிக், டிக்’ என்ற ஒலி சீராகக் கேட்கும். புல் படர்ந்த இடத்தில் அதே ஒலி கம்பியிலிருந்தே கேட்டால் அங்கே மின்கசிவு இருக்கிறது என்று பொருள். இருட்டில் நீலப்பொறியும் தெரியும்.

பன்றிக்கு முக்கியம் அடிக்கம்பி. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அது இருந்தால், மண்ணை முகர்ந்துகொண்டே வரும் பன்றியின் ஈரமூக்கு நேராக அதில் படும். முடியும் தடித்த தோலும் உள்ள முதுகில் பட்டால் அதற்குப் பெரிதாக உறைப்பதில்லை. ஓடிவந்த வேகத்தில் உள்ளே புகுந்துவிடும். பொருத்த வந்த பணியாளர் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று எல்லாக் கம்பிகளுக்கும் ஒரே இடைவெளி விட முயன்றால், தடுத்து அடிக்கம்பிகளை நெருக்கச் சொல்லுங்கள். பள்ளமான இடங்களில் கம்பி நேராகப் போய் அடியில் சந்து விழுந்திருக்கும். அந்த இடைவெளியைப் பன்றி கண்டுபிடிக்காமல் விடாது. அங்கே மண்ணை நிரப்ப வேண்டும் அல்லது கூடுதலாக ஒரு கம்பி கட்ட வேண்டும்.

அடுத்தது எர்த். கம்பியைத் தொடும் விலங்கின் உடல் வழியாக மண்ணுக்குள் இறங்கும் மின்சாரம், எர்த் கம்பிகள் வழியாகப் பெட்டிக்குத் திரும்பினால்தான் அதிர்ச்சி உண்டாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தானாகவே நன்றாக வேலை செய்யும் வேலி, வேலூர் வெயிலில் செம்மண் காய்ந்து வெடித்திருக்கும் சித்திரை, வைகாசியில் வலுவிழப்பதற்கு இதுவே காரணம். எர்த் கம்பியை ஒன்றோடு நிறுத்தாமல் இடைவெளி விட்டுப் பல இடங்களில் ஆழமாக இறக்கி, கரியும் உப்பும் இட்டு, கோடையில் அந்தக் குழிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவர வேண்டும். கிணற்றுமேட்டுக்குப் பக்கத்தில் எர்த் அமைத்தது எங்களுக்கு நல்ல பலன் தந்தது. விற்பவர்கள் தகட்டின் வாட் அளவைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். எர்த்தைப் பற்றி நாமாகக் கேட்டால்தான் வாய் திறக்கிறார்கள்.

பராமரிப்பு ஓயாத வேலை. மழைக்குப் பின் கொடியும் பார்த்தீனியமும் அடிக்கம்பியைத் தொட்டுவிட்டால் மின்னழுத்தம் இறங்கிவிடும். ஆகவே வேலியோரத்தை அடிக்கடி செதுக்க வேண்டும். கம்பி அறுந்தாலோ மண்ணில் பட்டாலோ ஒலிக்கும் சைரன் உள்ள பெட்டியை வாங்குவது நல்லது. இந்தப் பொறுப்பை ஏற்க ஆளில்லாத குடும்பத்துக்கு வேலி போட்ட பணம் வீண்.

யானையைப் பொறுத்தவரை நான் எச்சரிக்கையாகவே சொல்வேன். ஆந்திரத்தின் கவுண்டின்யா சரணாலயத்திலிருந்து இறங்கி வரும் யானைகள் பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கங்களுக்குப் புதியவை அல்ல. தந்தம் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் கொம்பன் யானை தந்தத்தாலேயே கம்பியை அறுத்துவிடும். மரத்தைக் கம்பிமேல் தள்ளிவிட்டுக் கடக்கும் யானைகளும் உண்டு. மயில் பறந்து வருகிறது, குரங்கு மரக்கிளை வழியாக இறங்குகிறது. இவற்றுக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

வேலி போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து நிலத்துத் தம்பி ஒருவர், “எதுக்குண்ணா இவ்ளோ செலவு? மோட்டார் கொட்டாயிலிருந்து ஒரு ஒயரை இழுத்து விட்டா முடிஞ்சுதே” என்றார். “ராத்திரி தண்ணி கட்ட வர்றது நம்ம பசங்கதான் தம்பி” என்றேன். அவருக்கு அது உறைத்தது. வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட் விடாமல் பாய்வது. பிடித்த கை விலக முடியாது. அப்படி இழுத்த கம்பியில் யானையும் மனிதரும் மாண்டிருக்கிறார்கள். அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்த வெடி) வைப்பதும் சுருக்குக் கண்ணி வைப்பதும் அதே அளவுக்குக் கொடுமையானவை, குற்றமும்கூட. வனவுயிர்ச் சட்டத்தின்கீழ் முதல் அட்டவணை விலங்கைக் கொன்றால் குறைந்தது மூன்றாண்டுச் சிறை. யானையும் மயிலும் அந்த அட்டவணையில் உள்ளவை.

சூரிய வேலிக்கும் விதி உண்டு. 2023இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த மின்வேலி விதிகளின்படி, காப்புக்காட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் புதிதாக மின்வேலி அமைக்க மாவட்ட வன அலுவலரிடம் முன் அனுமதி பெற வேண்டும். ஏற்கெனவே உள்ள வேலியையும் பதிவு செய்ய வேண்டும். பெட்டி இந்தியத் தர நிர்ணய அமைப்பின் தரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். நான் விலை விசாரித்த கடைகளில் ஒன்றில், சோலார் வேலிக்கு அனுமதியே தேவையில்லை என்று அடித்துச் சொன்னார்கள். அதை நம்பி விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். பெட்டியின்மேல் தரக்குறியீடு அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து, பில்லில் மாதிரி எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை வழியாகச் சூரிய மின்வேலிக்கு மானியம் வழங்கப்பட்டு வந்திருப்பதால், கடைக்குப் போகுமுன் அந்த அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

மல்லாட்டை, மக்காச்சோளம், மரவள்ளி ஆகியவற்றைப் பன்றியிடமிருந்து காப்பாற்ற நினைப்பவர்களுக்கு இந்த வேலியை நான் முழுமனதோடு பரிந்துரைக்கிறேன். சிறு நிலக்காரர்கள் தனித்தனியாகப் போடாமல் அடுத்தடுத்த நிலங்களைச் சேர்த்து ஒரே சுற்றாக அமைத்தால் கம்பிச் செலவும் கல்லுக்கால் செலவும் கணிசமாகக் குறையும். ஆனால் வேலியோரத்தை யார் செதுக்குவது, பேட்டரி தேய்ந்தால் யார் எவ்வளவு போடுவது என்பதை வேலைக்கு முன்பே பேசி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.