பல் கம்பி மட்டுமா, தாடைச் சத்திரசிகிச்சையுமா?

கீழ்த்தாடை முன்னே நீண்டோ, மேல்தாடை பின்தங்கியோ, முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமலோ வளர்ந்துவிட்டவர் சிகிச்சை பெற விரும்பினால், வளர்ச்சி முடிந்த வயதில் அவருக்கு இரண்டு வழிகள் உள்ளன. பற்களை மட்டும் கம்பியால் நகர்த்தித் தாடைக் குறையை மறைப்பது ஒன்று; கம்பியோடு சத்திரசிகிச்சையும் செய்து எலும்பையே இடம் மாற்றுவது மற்றொன்று. முதலில் கம்பி போட்டுப் பார்ப்போம், போதாவிட்டால் சத்திரசிகிச்சை செய்துகொள்ளலாம் என்று நம்மில் பலர் நினைப்பதுண்டு. அப்படி மாறுவது எளிதல்ல.

காரணம், இரண்டிலும் பற்கள் எதிரெதிர்த் திசைகளில் நகர்த்தப்படுகின்றன. கீழ்த்தாடை நீண்டவருக்கு, மறைக்கும் சிகிச்சையில் கீழ் முன்பற்களை உள்ளே சாய்த்து மேல் முன்பற்களை வெளியே தள்ளுவார்கள். இடத்துக்காகச் சில பற்களைப் பிடுங்குவதும் உண்டு. சத்திரசிகிச்சைக்கான ஆயத்தத்திலோ, சாய்ந்திருக்கும் பற்களை அவற்றின் எலும்பின் மேல் நேராக நிறுத்துவதால், அதுவரை அந்தச் சாய்வு மறைத்திருந்த குறை முழுவதும் வெளிப்படுகிறது. ஏறக்குறைய 12 முதல் 18 மாதங்கள் நீளும் இந்த ஆயத்தக் காலத்தில் முகமும், மேல் கீழ்ப் பற்கள் பொருந்தும் கடியும் முன்பைவிட மோசமாகத் தோன்றும் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், நோயாளி மனமுடைந்து பாதியில் நிறுத்திவிடக்கூடும்.

பயணச் சுமை இரண்டுக்கும் பொது. இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்தோ தலவாக்கலையிலிருந்தோ பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை போய்வர, தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவருக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

சத்திரசிகிச்சையை நாடுவோரின் காரணங்கள் பெரும்பாலும் கலந்தே இருக்கும். முன்பற்கள் சேராதவர் ரொட்டியைக் கடித்து இழுக்க முடியாமல், கையால் பிய்த்துக் கடைவாயில் வைத்து மெல்லுகிறார். சிலருக்கு உச்சரிப்பும் தடுமாறும். முகத்தோற்றமும் நியாயமான காரணமே. அதை வைத்தியரிடம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கல்யாணப் பேச்சு வந்தவுடன் பெற்றோர் அவசரப்படுத்துவதற்காகச் செய்துகொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தாமே விரும்பிக் காரணம் தெரிந்து வருபவரே பின்வரும் சிரமத்தை நன்றாகத் தாங்குகிறார்.

அந்தச் சிரமம் சிறியதல்ல. கீழ்த்தாடையை வாயின் உட்புறமாகவே இருபுறமும் பிளந்து நகர்த்தும் முறையை, சத்திரசிகிச்சை நிபுணர்களான ட்ரௌனரும் ஒப்வெகேசரும் 1957இல் விரிவாக வெளியிட்டார்கள். முகத்தில் பெரிய தழும்பு விழாதிருப்பது அதன் பெருநன்மை. எனினும் அந்த எலும்புக்குள்ளேயே உதட்டின் உணர்ச்சி நரம்பு ஓடுவதால், கீழுதடும் நாடியும் (முகவாயும்) விறைத்துப்போகின்றன. பலருக்கு மாதக்கணக்கில் உணர்ச்சி மெல்லத் திரும்பும், சிலருக்கு ஓரளவு விறைப்பு நிரந்தரமாகத் தங்கிவிடும். வீக்கம் 2, 3 நாட்களில் உச்சமடையும். எலும்பு கூடும் வரை சுமார் 6 வாரங்கள் கஞ்சி, சூப், குழைந்த சோறு என்றே காலம் செல்லும். கண்ணாடியில் தெரியும் முகம் தம்முடையதாகவே படாமல், ஏன் இதைச் செய்தோம் என்று அழுபவர்களும் உண்டு. வீக்கம் வடிந்து உணவு இயல்பாகத் திரும்பும்போது அந்தச் சோர்வு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது; பிற்பாடு பெரும்பாலானோர் திருப்தியோடே இருக்கிறார்கள்.

கம்பி மட்டும் போட்டவருக்கு இந்த வேதனை எதுவும் இல்லை. அவருடைய நாடியின் அமைப்பும் மாறுவதில்லை. குறை சிறிதாக இருந்து, கடி சீரானால் போதும் என்பவருக்குக் கம்பியே சரி. முகத்தின் அமைப்பே வருத்துகிறது என்பவர், கம்பியை மட்டும் நம்பிப் பல் பிடுங்கக் கொடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஆகவே, பற்களை எந்தத் திசையில் நகர்த்தப் போகிறீர்கள் என்பதை, ஒரு பல்லைக்கூடப் பிடுங்குவதற்கு முன், முதல் கிளினிக்கிலேயே வைத்தியரிடம் கேட்டுவிட வேண்டும்.