பிரிட்டனில் பழைய டெஸ்லா மாடல் எஸ்: ஓடிய மைலைவிட, வெளிவந்த மாதத்தைப் பாருங்கள்

பிரிட்டனில் வலது பக்க ஸ்டீயரிங் வைத்த மாடல் எஸ் வேண்டுமென்றால் இனி பழையதுதான். புதிதாக அது இனி வராது என்று 2023-இல் டெஸ்லா கைவிரித்துவிட்டது. சந்தையில் சுற்றுபவை ஏறக்குறைய எல்லாமே 2014 முதல் 2020 வரை வந்த கார்கள். 2016 ஏப்ரலில் முன்பக்கக் கறுப்பு மூக்கை எடுத்ததைத் தவிர, வெளியே பெரிய மாற்றம் எதுவும் கண்ணில் படாது. உள்ளே கதை வேறு. புது பாகம் தயாரானால் அடுத்த ஆண்டு மாடலுக்காக டெஸ்லா காத்திருப்பதில்லை, அந்த வாரமே அசெம்பிளியில் ஏற்றிவிடும். அதனால் ஒரே ஆண்டு நம்பர் பிளேட் உள்ள இரண்டு கார்களில் கம்ப்யூட்டர், கேமரா, பேட்டரி எல்லாமே வேறுவேறாக இருக்கும். 40,000 மைல் ஓடிய 2015 காரைவிட 90,000 மைல் ஓடிய 2018 கார் நல்ல பேரமாக அமைவது இங்கே சர்வசாதாரணம்.

முதலில் பேட்டரி, ஏனென்றால் பணம் முழுவதும் அங்கேதான் கிடக்கிறது. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் எட்டு ஆண்டு உத்தரவாதம். 2020 பிப்ரவரிக்கு முன் வந்த கார்களில் பெரும்பாலானவற்றுக்கு மைல் வரம்பு கிடையாது; அதேபோல, கொள்ளளவு இவ்வளவுக்குக் கீழே போனால் மாற்றித் தருவோம் என்ற வாக்குறுதியும் கிடையாது. அதற்குப் பின் வந்தவற்றுக்கு 1,50,000 மைல் வரம்பு உண்டு, கூடவே 70 சதவீதக் கொள்ளளவுக்கு உறுதியும் உண்டு. முதல் பதிவுத் தேதியோடு எட்டைக் கூட்டுங்கள். அந்தத் தேதி தாண்டிய கார் என்றால், பேட்டரி ஒருநாள் மொத்தமாக நின்றுபோகலாம் என்பதையும் சேர்த்தே விலை பேச வேண்டும். '85' என்று எண் ஒட்டிய பழைய கார்களில் மாற்று பேட்டரியின் செலவு காரின் விலையையே எட்டிப்பிடிக்கும்.

பின்பக்கம் ஒட்டியிருக்கும் எண் பேட்டரியின் கொள்ளளவைச் சொல்வது, ஆனால் அதை அப்படியே நம்பாதீர்கள். 85 என்பது புதிதாக இருந்தபோதே மொத்தம் 81 கிலோவாட் அவர் அளவுதான். 90 சுமார் 86. 75-உம் 100-உம் மட்டுமே ஓரளவு பெயருக்கேற்ற சரக்கு. ஆரம்பகால 90-கள் கொள்ளளவை வேகமாக இழந்தவை என்று பெயர் வாங்கியவை, 75-க்கும் 100-க்கும் நடுவில் அதைத் தேடிப்போக வேண்டிய அவசியமில்லை. 85-க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2019 மே மாதம் வந்த ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் சில கார்களில் பேட்டரியின் உச்ச வோல்டேஜைக் குறைத்தது, ரேஞ்சும் அதோடு குறைந்தது. அமெரிக்காவில் 1,743 கார்களுக்காக 15 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது.

பேட்டரியைச் சோதிக்க, திரையில் தெரியும் மைல் கணக்கு மட்டும் போதாது. காரின் டயக்னாஸ்டிக் கனெக்டரில் செருக ஓர் அடாப்டர் ஒயர், ஒரு புளூடூத் ரீடர், போனில் 'ஸ்கேன் மை டெஸ்லா' ஆப், இவ்வளவுதான் தேவை. கனெக்டரின் வடிவம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், எனவே எந்தக் காரைப் பார்க்கப் போகிறீர்களோ அதற்கானதை வாங்குங்கள். இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, முழு பேக்கின் இப்போதைய கொள்ளளவு. இன்னொன்று, செல் குழுக்களில் மிக அதிக வோல்டேஜுக்கும் மிகக் குறைந்த வோல்டேஜுக்கும் உள்ள இடைவெளி. கார் சும்மா நிற்கும்போது அது 10 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. ஒரே ஒரு குழு மட்டும் எப்போதும் கீழே தொங்கிக்கொண்டிருந்தால், விற்பவர் எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். திரையில் 'பிஎம்எஸ் யு029' என்ற எச்சரிக்கை வந்திருந்தாலும் அதே பதில்தான். பேட்டரிக்குள் ஈரம் புகுந்த கார்களில் அடிக்கடி பார்க்கும் கோடு அது. காரை லிஃப்ட்டில் ஏற்றும்போது பேட்டரியின் முன்பக்க ஃபியூஸ் மூடியைச் சுற்றித் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஏசித் தண்ணீர் சொட்டுவது அந்தப் பக்கம்தான்.

அடுத்து மோட்டார். இங்கே பலர் தவறவிடும் விஷயம் 'டி' என்ற எழுத்து, அதாவது முன்னும் பின்னும் இரண்டு மோட்டார். பின்சக்கர டிரைவ் கார்களிலும், 'பி' என்று தொடங்கும் பெர்ஃபார்மன்ஸ் கார்களிலும் பின்னால் இருப்பது பெரிய டிரைவ் யூனிட் (மோட்டாரும் கியரும் சேர்ந்த பாகம்). 75டி, 90டி, 100டி போன்றவற்றில் முன்னும் பின்னும் சிறிய யூனிட்கள். பெரிய யூனிட்டில் ரோட்டரின் தண்டுக்குள்ளேயே கூலன்ட் ஓடும். அதன் சீல் தேய்ந்தால் கூலன்ட் கசிந்து மோட்டாருக்குள் இறங்கும், நாளாவட்டத்தில் மின்காப்பு கெட்டுக் கார் நகர மறுக்கும். ஸ்பீடு சென்சாரைக் கழற்றிப் பார்த்தால் முன்கூட்டியே பிடித்துவிடலாம்: முனை காய்ந்திருந்தால் சரி, ஈரமாக இருந்தால் யூனிட்டை இறக்கி வேலை பார்க்க வேண்டும். மின்சாரக் கார் தெரிந்த தனியார் கராஜ்கள் இதைச் செய்துதருகின்றன. ரோட்டருக்குப் போகும் கூலன்ட் பாதையையே அடைத்து ரீகண்டிஷன் செய்பவர்களும் உண்டு. 'பி' வண்டியின் வேகத்துக்கு ஆசைப்படுபவர்கள் இந்தச் செலவையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது. ஆசை இல்லாதவர்களுக்கு 'பி' இல்லாத 'டி' போதும், அதுவும் யாரையும் பின்னால் விட்டுவிடும்.

டெஸ்ட் டிரைவில் ரேடியோவை அணையுங்கள். 20 முதல் 40 மைல் வேகத்தில் பின்னாலிருந்து மிக்ஸி சுற்றுவது போன்ற சத்தம் வந்தால் பேரிங். ஏர் சஸ்பென்ஷனை உயர்த்திவைத்து, 20 மைலில் இருந்து பெடலை முழுதாக மிதியுங்கள். முன்பக்கம் உதறினால் முன் ஹாஃப் ஷாஃப்ட்டின் (மோட்டாரிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) உள்பக்க ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. தாழ்த்தி ஓட்டினால் இது அவ்வளவாகத் தெரியாது. நின்றபடி ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்னால் கதவுக் கீல் போலக் கிறீச்சிட்டால் மேல் கண்ட்ரோல் ஆர்மின் பால் ஜாயின்ட். பின் டயர்களின் உள்விளிம்பைக் கையால் தடவுங்கள். வெளியே நன்றாகத் தெரியும் டயர் உள்ளே கம்பி தெரியத் தேய்ந்திருப்பது இந்தக் காரின் பழைய வியாதி, 21 இன்ச் வீலில் இன்னும் மோசம். அரசு இணையதளத்தில் எம்.ஓ.டி. (ஆண்டுதோறும் நடக்கும் கட்டாயச் சோதனை) வரலாறு இலவசம். டயர், பால் ஜாயின்ட் பற்றிய குறிப்பு ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வந்திருந்தால் முந்தைய உரிமையாளர் எப்படிப் பராமரித்தார் என்பது விளங்கிவிடும்.

கதவுக் கைப்பிடிகளை நான்கு பக்கமும் பல முறை இழுத்துப் பாருங்கள். மோட்டார் சத்தம் கேட்டும் கைப்பிடி வெளியே வராவிட்டால் உள்ளே பற்சக்கரம் உடைந்திருக்கிறது. வெளியே வந்தும் கதவு திறக்காவிட்டால் மைக்ரோ சுவிட்சின் ஒயர் அறுந்திருக்கிறது. பாகம் மலிவு, கதவு பேனலைக் கழற்றி மாட்டும் கூலிதான் காசு. இதற்காக ஒரு நல்ல காரை விடவேண்டாம், விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

திரைக்கு வருவோம். 2018 மார்ச்சுக்கு முந்தைய கார்களில் பழைய டெக்ரா கம்ப்யூட்டர், அதாவது எம்.சி.யு.1. அதன் 8 ஜிபி ஃபிளாஷ் மெமரி எழுதி எழுதித் தேய்ந்து திரையே கறுத்துப்போகும். ரிவர்ஸ் கேமராவும் கண்ணாடிப் பனி நீக்கும் கட்டுப்பாடும் அதோடு போகும். 2021-இல் அமெரிக்காவில் மாடல் எஸ், எக்ஸ் இரண்டிலும் சேர்த்து சுமார் 1,35,000 கார்கள் இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. இந்தக் காரில் அந்த மெமரி மாற்றப்பட்டதற்கான ரசீதைக் கேளுங்கள். அதற்கு அடுத்த கம்ப்யூட்டரான எம்.சி.யு.2-க்கு மாற்றியிருந்தால் திரை வேகமாக இருக்கும், ஆனால் எஃப்.எம்., டி.ஏ.பி. (டிஜிட்டல்) ரேடியோ இருக்காது. ஓட்டும் உதவியும் மாதக் கணக்கில்தான் மாறுகிறது: 2014 இலையுதிர்காலம் முதல் மொபைல்ஐ நிறுவனத்தின் கேமரா, 2016 அக்டோபரிலிருந்து டெஸ்லாவின் சொந்தக் கேமராக்கள். 2016 ஏப்ரலுக்கு முன் தயாரானவற்றில் பவர் ஸ்டீயரிங் போல்ட்டுகள் சாலை உப்பால் அரிப்பதற்காக 2018-இல் இன்னொரு திரும்ப அழைப்பும் நடந்தது. குளிர்காலத்தில் உப்புக் கொட்டும் நாட்டில் அது முடிந்ததா என்று பார்க்காமல் வாங்கக்கூடாது.

சார்ஜிங்கில் ஒரு பொறி. 2019 மே மாதத்துக்கு முந்தைய கார்கள் சி.சி.எஸ். (ஐரோப்பாவில் பொதுவான வேகச் சார்ஜிங் பிளக்) வசதி இல்லாமல் வந்தவை. பின்னால் அந்த வசதியைப் பொருத்தி அடாப்டரும் வாங்கியிருந்தால்தான் டெஸ்லாவின் சொந்த வேகச் சார்ஜர்களான சூப்பர்சார்ஜர்களில் வி3 ரகத்திலும் மற்ற நிறுவன நிலையங்களிலும் செருக முடியும். அடாப்டர் காரிலேயே இருக்கிறதா என்று டிக்கியில் பாருங்கள், விற்பவர் வீட்டிலேயே தங்கிவிடும் பொருள் அது.

2017 ஜனவரி 15-க்கு முன் ஆர்டர் செய்த கார்களில் வாழ்நாள் இலவச சூப்பர்சார்ஜிங் காரோடு வரும். டெஸ்லாவே திரும்ப வாங்கி விற்றிருந்தால் பெரும்பாலும் நீக்கியிருப்பார்கள். விளம்பரத்தில் எழுதியிருப்பது சாட்சியாகாது, விற்பவரின் ஆப்பில் காட்டச் சொல்லுங்கள். சாலை வரியிலும் பழையதற்கு ஒரு லாபம்: 2025 ஏப்ரலில் அறிமுகமான விதிப்படி 2017 மார்ச் 31 வரை பதிவான மின்சாரக் காருக்கு ஆண்டுக்கு 20 பவுண்டு, அதற்கு அடுத்த நாள் பதிவானதற்கு 195 பவுண்டு என்று 2025-இல் இருந்தது.

எங்கள் தேர்வு 2018 ஏப்ரலுக்குப் பிந்தைய 100டி. கை கொஞ்சம் நீளுமானால் 2019 மே மாதத்திலிருந்து வந்த, 'ரேவன்' என்று அழைக்கப்படும் பதிப்பு: முன்னால் நிரந்தரக் காந்த மோட்டார், புது சஸ்பென்ஷன், 200 கிலோவாட் வரை சார்ஜிங், சி.சி.எஸ். எல்லாம் பிறவியிலேயே இருக்கும். பணம் கொடுத்த அன்றே விற்பவரின் கணக்கிலிருந்து காரை நீக்கி உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள். மாறும்வரை அவருடைய போனிலிருந்தே உங்கள் காரைத் திறக்கலாம், எங்கே நிற்கிறது என்றும் பார்க்கலாம்.